நீல ஒளியும் பவளத்தின் ஆகாரமும்

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்க முற்படுகிறவர், உப்பின் அடர்த்தியையும் நீரின் வெப்பத்தையும் சுண்ணாம்புச் சத்தின் அளவையும் எத்தனை சிரத்தையோடு கவனித்து வந்தாலும், தொட்டிக்கு மேலே தொங்கும் விளக்கைத் தேர்ந்தெடுப்பதில் பிசகிவிட்டால், மற்றப் பிரயாசைகள் யாவும் சில மாதங்களில் வியர்த்தமாகிவிடும். ஏனெனில், மீனுக்கு விளக்கு என்பது நாம் அதைக் காண்பதற்கு வேண்டிய சாதனமேயன்றி வேறில்லை, பவளத்துக்கோ அதுவே பிரதான ஆகாரம். இவ்விளக்குகளுள் 'ஆக்டினிக்' என்ற பெயரால் விற்கப்படும் நீல விளக்கைக் குறித்து, வளர்ப்பவர்களிடையே இரண்டு அபிப்பிராயங்கள் வெகுகாலமாக நிலவி வருகின்றன. பவளத்தின் வர்ணங்களை எடுத்துக்காட்டுவதற்காக ஏற்பட்ட அலங்காரமே அது என்பார் ஒரு சாரார். அது இல்லாமல் பவளம் உயிர் தரிக்காது என்பார் மறு சாரார். நீல ஒளி பவளத்துக்கு இன்றியமையாத ஆகாரம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எந்த நீலம், எவ்வளவு நீலம் என்பதை நிர்ணயிக்கும் அதிகாரத்தை நம்முடைய கண்ணிடம் ஒப்படைத்துவிடுவதே, இத்துறையில் நேரும் நஷ்டங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என்று கருதுகிறேன்.

பவளம் பார்வைக்குச் செடியாகவும் தொடுகைக்குக் கல்லாகவும் தோன்றினாலும், அது ஒரு ஜந்து. அந்த ஜந்துவின் சதைக்குள்ளே, அதன் உயிரணுக்களுக்கு உள்ளேயே, ஜூசாந்தெல்லே எனப்படும் பொன்பழுப்பு நிறமுள்ள ஒற்றையணுப் பாசிகள், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்குப் பத்து லட்சம் என்ற அளவில் குடிகொண்டு, பகல் முழுவதும் ஒளிச்சேர்க்கை செய்து, தாம் தயாரிக்கும் உணவில் பத்தில் ஒன்பது பங்கு வரையில் பவளத்துக்கே கொடுத்துவிடுகின்றன. இந்த உண்மை எளிதில் நிலைநாட்டப்பட்டதன்று. 1928, 1929-ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃப் என்னும் பெரும் பவளத் திட்டில், லோ தீவுகளில் தங்கி ஆராய்ந்த பிரிட்டிஷ் குழுவின் தலைவர் மாரிஸ் யங், பவளங்களை இருட்டில் அடைத்து வைத்துப் பார்த்தபோது அவை தம் பாசிகளை வெளியேற்றி வெளிறிப் போவதைக் கண்டார். எனினும், பவளம் தன் கொடுக்குகளால் பிடித்துத் தின்னும் நுண்ணுயிர்களே அதன் உணவு என்றும், பாசிகள் கழிவை அகற்ற உதவுகின்றனவேயன்றி உணவு கொடுப்பதில்லை என்றும் அவர் முடிவு செய்தார். பின்னர் 1958-இல், மஸ்கடைன், ஹாண்ட் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள், பவளத்துக்கு உறவான கடற்சாமந்தி ஒன்றில் கதிரியக்கக் கரியைச் செலுத்தி, பாசி தயாரித்த பொருள் ஜந்துவின் சதைக்குள் நேரடியாகச் சென்று சேர்வதை நிரூபித்த பிறகே, இந்தக் கூட்டு வாழ்க்கையின் உண்மையான கணக்கு வெளிப்பட்டது.

ஆகவே விளக்கைப் பற்றிய கேள்வி, இந்தப் பாசி எந்த ஒளியை விரும்பி ஏற்கிறது என்ற கேள்வியாக மாறுகிறது. நிலத்துச் செடிகளின் இலைகளில் பச்சையம் ஏ, பச்சையம் பி என்ற இரண்டும் இருக்க, இப்பாசியிலோ ஏ மாத்திரம் இருக்கிறது. பி-யின் ஸ்தானத்தில் பச்சையம் சி2 என்பதும், பெரிடினின் என்ற செம்பழுப்பு நிறமியும் ஏராளமாக அமைந்திருக்கின்றன. பச்சையம் ஏ, 430 நானோமீட்டர் அலைநீளத்தை அடுத்த நீலஊதாவையும் 660-ஐ அடுத்த சிவப்பையும் கிரகித்துக்கொள்ளும். சி2, 450-ஐ அடுத்த நீலத்தைக் கிரகிக்கும். பெரிடினின் 470 முதல் 550 வரையில் பரந்து கிடக்கும் நீலப்பச்சையைக் கிரகிக்கும். மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், 400-க்கும் 550-க்கும் இடைப்பட்ட ஒளியிலேயே இப்பாசியின் ஜீவனம் நடக்கிறது என்பது விளங்கும்.

இந்தப் பொருத்தம் தற்செயலாக நேர்ந்ததன்று. சூரிய ஒளியில் எல்லா வர்ணங்களும் கலந்திருந்தபோதிலும், தண்ணீரின் அணுத்திரள்கள் தம் அதிர்வுகளின் மூலம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும் சுபாவம் உடையவை. 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்புக் கிரணம், மாசற்ற நீரில் ஐந்து மீட்டர் இறங்குவதற்குள் தன் சக்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இழந்துவிடுகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் நூற்றுக்கு மூன்று பங்கே எஞ்சுகிறது. 450 நானோமீட்டர் நீலக் கிரணமோ அதே பத்து மீட்டரைக் கடந்த பிறகும் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு அழியாமல் நிற்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இந்த நீல உலகத்தில் வாழ்ந்து வந்த பாசி, அங்கே எது கிடைத்ததோ அதைப் பற்றிக்கொள்ளும் நிறமிகளையே வளர்த்துக்கொண்டது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்; இதைக் கவனியாமல் விடுகிறவர்கள் அநேகர். வீட்டுத் தொட்டியில் நீரின் ஆழம் அரை மீட்டர் அல்லது அதற்குச் சற்று மேல். அவ்வளவு நீரைக் கடக்கையில் அதே 650 நானோமீட்டர் சிவப்பு, ஆறில் ஒரு பங்குதான் குறைகிறது. கடலிலே பத்து மீட்டர் நீர் செய்த வடிகட்டும் வேலையைத் தொட்டியிலே நீர் செய்வதில்லை. அதை விளக்கே செய்தாக வேண்டும். சாதாரண வெள்ளைக் குழல் விளக்கையோ, செடித் தொட்டிக்கென்று செய்த சிவப்பு மிகுந்த விளக்கையோ பவளத்தின்மேல் தொங்கவிட்டால், கண்ணாடிச் சுவரிலும் பாறையிலும் வேண்டாத பாசிகள் செழித்துப் படர்வதும், பவளம் மெல்ல மெல்லக் களையிழப்பதும் இதனால் நேர்கின்றன. சிவப்பு ஒளியைப் பிரதானமாகக் கொடுத்தால் ஸ்டைலோஃபோரா இனப் பவளத்தின் ஆரோக்கியமும் அதன் பாசிகளின் செயல்திறனும் குன்றுவதை, ஹாலந்து நாட்டில் நடந்த பரிசோதனை ஒன்று 2014-இல் எடுத்துக்காட்டியது. பத்து மீட்டர் நீரின் ஸ்தானத்தை வகிக்க ஏற்பட்டதே நீல விளக்கு.

அந்த விளக்கு பவளத்துக்காகப் பிறந்ததன்று. 1801-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த ரிட்டர், வெள்ளிக் குளோரைடு தடவிய காகிதம் ஊதாவுக்கு அப்பாலுள்ள கண்ணுக்குப் புலப்படாத பகுதியில் மிக வேகமாகக் கறுப்பதைக் கண்டறிந்த நாள்தொட்டு, நிறமாலையின் அந்தக் கோடியில் இரசாயன மாற்றத்தை உண்டாக்கும் சக்தி மிகுதி என்பது தெரிந்திருந்தது. அத்தகைய கிரணங்களையே ஆக்டினிக் என்று வழங்கலாயினர். இருபதாம் நூற்றாண்டில், பொறியாளர் அலுவலகங்களில் வரைபடங்களுக்கு அம்மோனியாப் பிரதி எடுப்பதற்காக, 420 நானோமீட்டரில் உச்சம் கொண்ட ஒளிரும் குழல்கள் செய்யப்பட்டன. பாதரச ஆவி வெளியிடும் புற ஊதாவை, குழலின் உட்புறம் பூசிய யூரோப்பியம் கலந்த ஸ்ட்ரான்சியம் பைரோபாஸ்பேட்டுப் பொடி, ஊதா ஒளியாக மாற்றிக் கொடுக்கும். பிலிப்ஸ் நிறுவனத்தின் '03' என்ற எண் தாங்கிய குழல் இவ்வகையில் பிரசித்தி பெற்றது. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், உயிருள்ள பாறைகளைத் தொட்டியில் இட்டு, அந்த நாட்டுச் சூரிய ஒளியையே துணையாகக் கொண்டு பவளம் வளர்க்கலாம் என்று 1961-இல் எழுதியபோது, பனி மூடிய ஐரோப்பிய நகரங்களில் இருந்தவர்களுக்கு அந்தச் சூரியன் கிடைக்கவில்லை. பிற்பாடு அவர்கள் கைக்கு எட்டிய சாதனங்களுள் இந்த வரைபடக் குழலும் ஒன்றாயிற்று.

இனி, நம் கண்ணைப் பற்றிச் சொல்கிறேன். மனிதனுடைய கண் பகல் வெளிச்சத்தில் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் கலந்த பச்சையையே மிக நன்றாக உணர்கிறது. அதே சக்தியுள்ள ஒளியை 450 நானோமீட்டரில் கொடுத்தால், அந்த உணர்ச்சி ஏறக்குறைய இருபத்தாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 420 நானோமீட்டரில் கொடுத்தால் இருநூற்றைம்பதில் ஒரு பங்குதான். இதனால் விளைவது என்ன? 420 நானோமீட்டர் குழல் எரியும் தொட்டி நமக்கு அந்தி மயங்கிய அறையைப் போல மங்கித் தெரிகையில், உள்ளேயிருக்கும் பாசிக்கு அங்கே நடுப்பகல். 'வெளிச்சம் போதவில்லை' என்று எண்ணி மற்றொரு விளக்கையும் சேர்த்து, ஒரு வாரத்திலேயே பவளம் வெளிறி வெண்கல்லாகப் போவதைக் கண்டு திகைக்கிறவர்களின் துயரம் இதிலிருந்தே பிறக்கிறது. லக்ஸ் என்ற அளவைக் காட்டும் கருவியும் மனிதக் கண்ணின் இயல்பைப் பின்பற்றியே அமைக்கப்பட்டதாதலால், அதைக் கொண்டு நீல ஒளியை மதிப்பிடுவது பட்டுத் துணியைப் படியால் அளப்பதற்குச் சமானம். விளக்குப் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் கெல்வின் எண்ணும் அப்படியே: 10,000 கெல்வின், 14,000 கெல்வின், 20,000 கெல்வின் என்ற எண்கள், அவ்விளக்கு நம் கண்ணுக்கு எவ்வளவு நீலமாகத் தோன்றும் என்பதைக் குறிப்பனவேயன்றி, எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி இருக்கிறது என்பதைச் சொல்வனவல்ல.

வேண்டிய கருவி பார் மீட்டர். 400 முதல் 700 நானோமீட்டர் வரையில், ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு வந்து விழும் ஒளித்துகள்களை, கண்ணின் விருப்பு வெறுப்பு எதுவும் கலவாமல், மைக்ரோமோல் கணக்கில் அது எண்ணிக் காட்டும். வெப்ப மண்டலத்தில் உச்சி வெயில் கடல் மட்டத்தில் 2,000 மைக்ரோமோல் அளவில் விழுகிறது; தொட்டியில் அவ்வளவு தேவையில்லை. காளான் பவளங்களும் மென்பவளங்களும் 50 முதல் 150 வரையிலும், பெரிய வாய்களையுடைய மூளைப் பவளம் போன்றவை 75 முதல் 150 வரையிலும், மான்கொம்பு இனமான அக்ரோபோரா முதலியவை 200 முதல் 400 வரையிலும் பெற்றுச் செழிப்பது வளர்ப்பவர்களின் பொதுவான அனுபவம். சில பழைய மீட்டர்கள் நீலத்தைச் சற்றுக் குறைத்தே காட்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். விலை அதிகமாயிருப்பதால் இக்கருவியை இரவல் வாங்கியாவது ஒருமுறை தொட்டியை அளந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான யோசனை. ஆடம்பரமான விளக்கு ஒன்றுக்குச் செலவிடும் பணத்தைக் காட்டிலும் இந்த ஒரு மணி நேர அளவை அதிகப் பயன் தரும்.

கண்ணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாகாது என்று சொன்னதால், அதன் இன்பத்தை அலட்சியம் செய்யச் சொல்கிறேன் என்று எவரும் கொள்ள வேண்டாம். வெள்ளை விளக்கை அணைத்து நீல விளக்கை மாத்திரம் எரிய விட்டதும், பகலில் பழுப்பாகக் கிடந்த பவளம் பச்சையாகவும் செம்மஞ்சளாகவும் சுடர்விட்டு ஒளிர்வதைப் பார்த்தவர் யாரும் அதை மறக்க மாட்டார். பவளத்தின் சதையிலுள்ள சில புரதங்கள், நீல ஒளியை விழுங்கி, அதைவிட நீண்ட அலைநீளமுள்ள பச்சை, சிவப்பு ஒளிகளாகத் திருப்பி வெளியிடுவதே இந்த விந்தை. இத்தகைய புரதங்களுள் முதலாவது, 1962-இல் ஒசாமு ஷிமோமுரா ஜெல்லிமீன் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தது; அந்தக் கண்டுபிடிப்புக்காக அவரும், அதை உயிரியல் ஆராய்ச்சிக்குக் கருவியாக்கிய மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியன் ஆகியோரும் 2008-இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1999-இல் ரஷ்ய விஞ்ஞானி மிக்கயீல் மாட்ஸும் அவருடைய சகாக்களும், அப்புரதத்தின் உறவினங்கள் பவள இனங்களிலும் உண்டென்று காட்டி, காளான் பவளத்திலிருந்து சிவப்புப் புரதம் ஒன்றை எடுத்தனர்.

இப்புரதங்கள் அந்த ஜந்துவுக்கு என்ன உபகாரம் செய்கின்றன? பசிபிக் மகாசமுத்திரத்திலுள்ள பலாவ் தீவுகளில் இருந்த ஜப்பானிய ஆய்வு நிலையத்தில் உழைத்த சிரோ கவாகுடி, கடுமையான ஒளியிலிருந்து காத்துக்கொள்வதற்காகப் பவளம் அணிந்த கவசமே அந்தப் பச்சை என்று 1944-இலேயே கருதினார். ஆழமற்ற நீரில் வாழும் பவளங்களைப் பொறுத்தவரையில் அது பெரும்பாலும் சரியே. ஆழத்தில் நிலைமை வேறு: அங்கே மிஞ்சியிருக்கும் சொற்ப நீலத்தைச் செம்மஞ்சளாக மாற்றித் திசுக்களின் உட்பகுதியில் ஒளிந்திருக்கும் பாசிகளுக்கும் எட்டச் செய்வதே சில புரதங்களின் பணி என்று, யோர்க் வீடன்மான் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கிறது. பல பவளங்களில் இந்தப் புரதங்களின் உற்பத்தியைத் தூண்டுவதே நீல ஒளிதான் என்பதும் அக்குழுவினர் கண்ட உண்மை. ஆகவே நீல விளக்கு, உள்ள வர்ணத்தை வெளிப்படுத்துவதோடு நில்லாமல், நாளடைவில் வர்ணத்தை உண்டாக்கவும் செய்கிறது. ஊதாவுக்கும் இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. தொட்டிகளில் பலரும் விரும்பி வளர்க்கும் ட்ராக்கிஃபில்லியா என்ற திறந்த மூளைப் பவளத்திலிருந்து, 2002-இல் ஜப்பானில் மியாவாக்கியின் ஆய்வுக்கூடம் பிரித்தெடுத்த 'கயேடே' என்ற புரதம், பிறக்கும்போது பச்சையாயிருந்து, 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதாவோ புற ஊதாவோ பட்டதும் மீளாத சிவப்பாக மாறிவிடுகிறது.

இவ்வளவையும் அறிந்த பின் தேர்வு கடினமன்று. கடையில் 'ஆக்டினிக்' என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு வெவ்வேறு குழல்கள் கிடைக்கின்றன: ஒன்று 420 நானோமீட்டர் ஊதாக் குழல், மற்றது 450 முதல் 460 வரையில் உச்சம் கொண்ட நீலக் குழல். முன்னது ஒளிர்வின் அழகை எடுத்துக்காட்டுவதில் சிறந்தது. பின்னது பாசியின் நிறமிகள் மூன்றும் பங்கிட்டுக்கொள்ளக்கூடிய நடுவிடத்தில் ஒளியைக் கொடுப்பது. 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள டி5 குழல்கள் நான்கு பொருத்தும் சட்டமானால், இரண்டு நீலமும் ஒரு ஊதாவும் ஒரு வெள்ளையும் வைப்பதையே நான் சிபாரிசு செய்வேன். ஊதாவை மாத்திரம் நம்பி அக்ரோபோரா வளர்ப்பது வீண். குழலின் ஒளிர்பொடி எரிய எரிய நலிவதால், ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் அதை மாற்ற வேண்டும். நான்கையும் ஒரே நாளில் மாற்றினால் பவளத்துக்கு அதிர்ச்சி உண்டாகுமாதலால், இரண்டு மூன்று வார இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக மாற்றுவது நலம். மெட்டல் ஹாலைடு விளக்குகள் ஆழமான தொட்டிகளுக்கு உகந்தவை. நீரில் சூரிய ஒளி நெளிந்தாடும் காட்சியை அவை அற்புதமாகத் தரும். ஆனால் அவற்றின் வெப்பமும் மின்செலவும் அதிகம்.

இக்காலத்தில் வாங்குவோர் பெரும்பாலும் எல்.இ.டி. விளக்கையே நாடுகின்றனர். 1993-இல் ஜப்பானில் ஷுஜி நகாமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்து காட்டியதும், அதற்காக அவரும் அகாசாகி, அமானோ ஆகிய இருவரும் 2014-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றதும் பலரும் அறிந்த செய்தி. வீட்டுக்கு வெள்ளை வெளிச்சம் வேண்டி நடந்த அந்த முயற்சியால் பவளம் வளர்ப்பவர் அடைந்த லாபம் கொஞ்சமன்று. அவ்விளக்குகளில் 'ராயல் ப்ளூ' எனப்படும் 445 முதல் 455 நானோமீட்டர் வரையிலான மணிகளே அஸ்திவாரமாக இருக்க வேண்டும். அதன்மேல் 400 முதல் 420 வரையிலான ஊதா ஓரளவும், 470-ஐ அடுத்த நீலம் ஓரளவும், கண்ணுக்கு இதமாகச் சிறிது வெள்ளையும் சேர்ந்தால் போதும். சிவப்பும் பச்சையும் விளக்கில் இருந்தாலும், அவற்றை நூற்றுக்கு ஐந்து பத்துக்கு மேல் ஏற்ற வேண்டியதில்லை. இதன் குறை, ஒளி புள்ளி புள்ளியாகப் புறப்பட்டு ஓரிடத்தில் குவிந்து, கிளைகளின் அடிப்பக்கத்தை நிழலில் விட்டுவிடுவது. ஒரு பெரிய விளக்கைவிட இரண்டு சிறிய விளக்குகளைச் சற்று உயரத்தில் தொங்கவிடுவது இதற்குப் பரிகாரம். நீல விளக்கை நேராக உற்றுப் பார்க்கலாகாது என்பதையும், குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் விசேஷ ஜாக்கிரதை வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மங்கலாகத் தோன்றுவதனாலேயே அதன் உக்கிரம் நமக்குப் புலப்படாமல் போகிறது.

எந்த விளக்கானாலும் புதிதாகப் போடும்போது, பழைய அளவில் பாதியிலிருந்து தொடங்கி, நான்கு வாரங்களில் படிப்படியாக உயர்த்த வேண்டும். தொட்டி நீர் நாளாக ஆக, அழுகிய பொருள்களின் சாரத்தால் வெளிர்மஞ்சள் நிறம் அடையும். அந்த மஞ்சள், நீலத்தையும் ஊதாவையுமே முதலில் விழுங்கும். பல மாதம் கவனியாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் வடிகட்டியில் கரித்தூள் இட்டு நீரைத் தெளிய வைத்தால், விளக்கைத் தொடாமலே பவளத்தின்மேல் விழும் நீலம் திடீரென்று பெருகி, சில நாளில் அது வெளிறிவிடுவதுண்டு. கரித்தூளைச் சிறிதளவாக, இடைவிடாமல் உபயோகித்து வருவதே முறை.

பகல் எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் நீல ஒளியை மாத்திரம் தாழ்த்தி எரியவிட்டால், காலையும் மாலையும் போன்ற மாற்றம் கிடைக்கும். இரவில் மாத்திரம் இருட்டு இருட்டாகவே இருக்கட்டும். நிலவொளி என்ற பெயரால் இரவெல்லாம் நீல விளக்கை எரியவிடும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று. கிரேட் பாரியர் ரீஃபில் நூற்றுக்கு மேற்பட்ட பவள இனங்கள் பௌர்ணமி கழிந்த சில இரவுகளில் ஒரே சமயத்தில் முட்டையும் விந்தும் வெளியிடுவது 1980-களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது. அக்ரோபோரா மில்லெபோரா என்ற பவளத்தில், நீல ஒளியை உணரும் கிரிப்டோகுரோம் என்ற புரதங்கள் இருப்பதும், நிலவின் வளர்பிறை தேய்பிறைக்கேற்ப அவற்றின் மரபணுச் செயல் மாறுவதும் 2007-இல் தெரியவந்தன. அத்தனை நுட்பமாக நிலவைக் கவனிக்கும் ஜீவனுக்கு, என்றும் மாறாத போலி நிலவு குழப்பமே தரும்.

நம் நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறை கட்டும் பவளங்கள், கருப்புப் பவளங்கள், கடல் விசிறிகள், நெருப்புப் பவளம் ஆகியவை 2001 முதல் சேர்க்கப்பட்டிருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலோ அந்தமானிலோ அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். ஆதலால் இந்தியாவில் இருப்போர் மீனோடு தொட்டியை நிறுத்திக்கொள்ள வேண்டும். சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வாழும் தமிழர்கள் வளர்க்க விரும்பினால், அங்கேயும் கடலிலிருந்து பெயர்த்தெடுத்த பவளத்தை வாங்க வேண்டாம். நல்ல நீல விளக்குகள் வந்ததன் பயனாக, தொட்டியிலேயே வளர்ந்த தாய்ப்பவளத்திலிருந்து வெட்டி ஒட்டிய துண்டுகள் இன்று பல நகரங்களில் கிடைக்கின்றன. விற்பவரிடம் அது எங்கே வளர்ந்தது என்று கேளுங்கள்; அதற்குத் தெளிவான விடை கிடைத்த பின் பணத்தை எடுங்கள்.